பச்சை உமேக் காயில் வீட்டிலேயே பழ மது: எந்த மதுவில் ஊறவைப்பது?

வைகறை (கேள்வி):
வணக்கம். ஜப்பானுக்குக் குடிவந்த பிறகு எங்களுக்கு இது முதல் ஜூன் மாதம். மழைக்காலம் தொடங்கியதுமே கடைகளில் உமே என்னும் புளிப்பான பிளம் வகையின் பச்சைக் காய்களும் கற்கண்டுப் பைகளும் வாயகன்ற கண்ணாடிச் சாடிகளும் ஒரே இடத்தில் வந்து நிறைந்துவிட்டன. பக்கத்து வீட்டு அம்மையார் ஆண்டுதோறும் உமேஷு, அதாவது உமேக் காய் ஊறவைத்த மது, போடுபவர். அவரைப் பார்த்து எனக்கும் ஆசை பிறந்திருக்கிறது. வீட்டில் ஒரு பாட்டில் சாக்கே (ஜப்பானிய அரிசி மது) இருப்பதால் அதிலேயே காய்களை ஊறவைக்கலாமா? இனிப்பு குறைவாக இருக்கக் கற்கண்டைப் பாதியாக்கலாமா? கொட்டையில் நஞ்சு உண்டு என்கிறார்களே, அது உண்மையா? அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

நெடுஞ்சாலை:
வணக்கம் அம்மா. சாக்கேயில் போடாதீர்கள். சாதாரணச் சாக்கேயில் ஆல்கஹால் 15 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். வழக்கமான அளவு, ஒரு கிலோ காய்க்கு 35 சதவீத ஒயிட் லிக்கர் (நிறமில்லாத வடித்த மது) 1.8 லிட்டர், கற்கண்டு 500 கிராம் முதல் ஒரு கிலோ வரை. காயில் பெரும்பகுதி நீர்தான். அந்த நீரும் கரைந்த கற்கண்டும் சேர்ந்ததும் 35 சதவீதம் ஏறத்தாழ 20 சதவீதமாக இறங்கிவிடும். அந்த நிலையில் நொதிக்கச் செய்யும் ஈஸ்ட் நுண்ணுயிர்கள் வளர முடியாது. அதே கணக்கில் சாக்கேயைப் போட்டால் பத்துக்கும் கீழே போய்விடுவதால், காய்த்தோலில் இயற்கையாகவே இருக்கும் ஈஸ்ட் நுண்ணுயிர்கள் சர்க்கரையைத் தின்று நுரைக்கத் தொடங்கக்கூடும். ஒயிட் லிக்கருக்கென்று தனி வாசமோ சுவையோ இல்லாததால், காயின் மணம் அப்படியே துலங்கும் என்பதும் அதைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம். பிராந்தியின் மணம் பிடிக்குமானால், 35 சதவீதத்துக்குக் குறையாத பிராந்தியிலும் போடலாம்.

கற்கண்டைப் பாதியாக்கலாம் என்றாலும் 500 கிராமுக்குக் கீழே போக வேண்டாம் என்பேன். அது இனிப்புக்காக மட்டும் சேர்ப்பதன்று. கற்கண்டு மெல்லக் கரைவதால் தொடக்கத்தில் மது காய்க்குள் புகுந்து அதன் மணத்தைக் கரைக்கிறது. பிறகு வெளியே உள்ள திரவம் இனிப்பேறி அடர்த்தியாக ஆக, காய்க்குள் இருக்கும் சாற்றை வெளியே இழுக்கிறது. பொடிச் சர்க்கரை உடனே கரைந்து இந்த வரிசையைக் கெடுத்துவிடுவதாலேயே அதைத் தவிர்க்கிறோம்.

காய்களைக் கழுவி, காம்பு இருந்த இடத்து அழுக்கை மூங்கில் குச்சியால் நீக்கி, ஒவ்வொன்றையும் ஈரமில்லாமல் துடையுங்கள். அடிபட்டவற்றையும் கறுத்தவற்றையும் ஒதுக்குங்கள். தடித்த கண்ணாடிச் சாடியில் கொதிநீர் ஊற்றினால் விரிசல் விடலாம். அதே மதுவைத் துணியில் நனைத்து உள்ளே துடைத்தால் போதும். காயும் கற்கண்டுமாக மாறி மாறி அடுக்கி, மதுவை ஊற்றி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். மூன்று மாதத்தில் குடிக்கலாம்; ஓராண்டு பொறுத்தால் காரம் அடங்கிச் சுவை உருண்டு வரும்.

கரைவழி:
சட்டத்தையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் மதுவரிச் சட்டப்படி மதுவில் வேறு பொருளைக் கலப்பதே மது தயாரிப்பாகக் கருதப்படும். 1962-இல் செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகே வீட்டு உமேஷுவுக்கு வழி பிறந்தது. வரி செலுத்தப்பட்ட, 20 சதவீதமோ அதற்கு மேலோ ஆல்கஹால் உள்ள மதுவாக இருக்க வேண்டும், திராட்சையும் அரிசி, கோதுமை போன்ற தானியங்களும் சேர்க்கக் கூடாது, ஊறும்போது புதிதாக நொதித்து ஒரு சதவீதமோ அதற்கு மேலோ ஆல்கஹால் உண்டாகக் கூடாது, விற்கவும் கூடாது. மேலே நண்பர் சாக்கே வேண்டாம் என்றது சுவைக்கு மட்டுமன்று, சட்டத்துக்கும் பொருந்தும். உமே ஊறவைப்பதற்கென்றே 20 சதவீதச் சாக்கே சில கடைகளில் கிடைக்கிறது; ஆனால் முதல்முறை போடுபவருக்கு 35 சதவீத மதுவே பாதுகாப்பு.

இளவேனில்:
கொட்டையைப் பற்றிய அச்சத்துக்கு அடிப்படை உண்டு. முற்றாத உமேயிலும் அதன் பருப்பிலும் அமிக்டலின் என்ற பொருள் இருக்கிறது. அது சிதைந்தால் சயனைடு வெளிப்படும். ஆகவே பச்சைக் காயைக் கடிக்கவோ கொட்டையை உடைத்துத் தின்னவோ கூடாது, குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். மதுவில் ஊற ஊற அதன் அளவு குறைந்துகொண்டே போவதால், உரிய காலம் ஊறிய உமேஷுவை அளவோடு அருந்துவதில் கவலை வேண்டாம். ஓராண்டானதும் காய்களை எடுத்துவிடுவதே என் பழக்கம். அதற்கு மேல் கிடந்தால் கசப்பு இறங்கித் திரவமும் கலங்குகிறது. சிலர் எடுப்பதே இல்லை, அது அவரவர் நாவைப் பொறுத்தது.

வைகறை:
மூவருக்கும் நன்றி. சாக்கேயைத் தனியே வைத்துவிட்டு ஒயிட் லிக்கர் வாங்கிக்கொள்கிறேன். என் மாமியார் மது தொடுவதில்லை. அவருக்காக இதே காயில் வேறு ஏதாவது செய்ய முடியுமா?

நெடுஞ்சாலை:
உமே சிரப் போடுங்கள். காயும் கற்கண்டும் சம எடை. காய்களை முதலில் உறைபெட்டியில் ஓரிரவு வைத்தால் திசு உடைந்து சாறு விரைவில் இறங்கும். மது இல்லாததால் இதில் நொதிக்கும் வாய்ப்பு அதிகம். நாள்தோறும் சாடியைச் சாய்த்துக் கற்கண்டு கரைசல் எல்லாக் காய்களிலும் படும்படி செய்யுங்கள். நுரை கண்டால் உடனே காயை எடுத்துவிட்டு, சிரப்பை இளஞ்சூட்டில் காய்ச்சி ஆறவைத்துக் குளிர்பெட்டிக்கு மாற்றிவிடுங்கள்.