கம்பெனி பேட்டரியா, வேற கம்பெனியா?

வைகைக்கரை: கேனான் ஆர்6 கேமரா வைத்திருக்கிறேன். ஆவணி முகூர்த்தங்களுக்குள் கூடுதலாக பேட்டரி வேண்டும். கேனானின் எல்பி-ஈ6என்எச் ஒன்று வாங்கும் காசில் வேறு கம்பெனி பேட்டரி இரண்டு, மூன்று வந்துவிடும் போல. எதை வாங்கலாம்?

தெப்பக்குளத்தான்: மற்றதையே வாங்குங்க தம்பி. உள்ளே இருப்பது லித்தியம் அயான் செல் இரண்டு, ஒரு பாதுகாப்பு சர்க்யூட். பெயருக்கு எதற்குத் தனிக் காசு? விடிகாலை முகூர்த்தம், ராத்திரி ரிசப்ஷன். பையில் நாலு பேட்டரி கிடந்தால்தான் நிம்மதி.

அழகர்மலை லென்ஸ்: அந்த சர்க்யூட்தான் அண்ணே விஷயமே. சார்ஜ் ஏறும்போது செல் 4.2 வோல்ட்டைத் தாண்டிப் போனால் நிறுத்துவதும், ஷார்ட் ஆனால் துண்டிப்பதும் அதன் வேலை. விலையைக் குறைக்க முதலில் கை வைப்பதும் அதில்தான். தல்லாகுளத்தில் அழகரை வரவேற்கும் எதிர்சேவையைப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது என்னுடைய மலிவு பேட்டரி ஒன்று உப்பிவிட்டது. லாக்கைத் தள்ளினால் ஸ்பிரிங் தூக்கிவிட வேண்டும், அசையவே இல்லை. கடைசியில் கேமராவின் அடியைக் கழற்றித்தான் எடுத்தார்கள்.

தெப்பக்குளத்தான்: சித்திரை வெயிலில் காருக்குள் பையை வைத்தால் கேனானும்தான் உப்பும்.

அழகர்மலை லென்ஸ்: காரா? அந்தக் கூட்டத்தில் சைக்கிளே நுழையாது! கேமரா என் கழுத்தில்தான் கிடந்தது.

மாட்டுத்தாவணி: நடுவில் ஒன்று. ஈ6என்எச்-இல் 2130 எம்ஏஎச் என்று இருக்கும், எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு அது. அதே அளவு கூட்டுக்குள் 3000 என்று அச்சடித்து, கையில் எடுத்தால் லேசாகவும் இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். அப்புறம், ஆர்6-இல் கேனானின் பழைய ஈ6என் போட்டாலே தொடர் ஷாட் வேகம் குறையும். அலங்காநல்லூரில் மாடு வாடிவாசலைத் தாண்டும் நொடியில் அது தெரியும்.

தெப்பக்குளத்தான்: கல்யாண மேடையில் மாப்பிள்ளை ஓடவா போகிறார்? இன்னொன்றும் கேளுங்க. ஹாலோகிராம் ஒட்டி ‘ஒரிஜினல்’ என்று பாதி விலைக்குத் தள்ளுகிறார்களே, அதுதான் பெரிய ஆபத்து. சொந்தப் பெயரில் வாரண்டியோடு விற்கிறவன் அதற்கு எவ்வளவோ மேல்.

அழகர்மலை லென்ஸ்: அது சரி, மறுக்கவில்லை. ஆனால் சில பேட்டரியைப் போட்டால் ‘தொடர்புகொள்ள முடியவில்லை, தொடரவா?’ என்று கேமராவே கேட்கிறது. மீதி சார்ஜும் சரியாகத் தெரியாது. தாலி கட்டும்போது படுத்துவிட்டால் ஐயரிடம் ஒன்ஸ்மோர் கேட்பீர்களா?

தெப்பக்குளத்தான்: கெட்டிமேளத்துக்கு முன்னால் புது பேட்டரி மாற்றாதவன் எந்தக் கம்பெனி போட்டாலும் மாட்டுவான்.

மாட்டுத்தாவணி: எதை வாங்கினாலும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் ஐஎஸ் 16046 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். லித்தியம் பேட்டரிக்கு இங்கே அது கட்டாயம். தெப்பக்குளம் அண்ணே, உங்களிடம் இருப்பவற்றில் இருக்கிறதா?

தெப்பக்குளத்தான்: மூன்றில் இருக்கிறது. நாலாவதில் ஸ்டிக்கரே உரிந்துபோச்சு.

வைகைக்கரை: மேடைக்கு கேனான் ஒன்று, மண்டபத்தைச் சுற்ற மற்றது ஒன்று வாங்கிக்கொள்கிறேன். அண்ணே, அந்த நாலாவதை மட்டும் என் தலையில் கட்டிவிடாதீங்க.