ஒரு நாளைக்கு எத்தனை ‘செட்’?

கெடிலக்கரையான்:
நேற்று மஞ்சக்குப்பத்தில் ஒரு ஓட்டல். பக்கத்து மேஜை அம்மா மகனிடம் சொன்னார்: “எனக்கு ஒரு செட்டு சொல்லிடு. இந்த இடம் செட்டாகலடா, உள்ள போயிடலாம். மைக்செட்டுக்காரன் காதைக் கிழிக்கிறான்.” ஒரே மூச்சில் மூன்று செட். முதலாவது தோசை, போகட்டும். பொருந்தாது, ஒத்துவராது, சரிப்படாது என்று நாம் புழங்கிய சொற்களின் இடத்தில் இது வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டதே! பல பொருள் தருவதை வளம் என்பார்கள். எனக்கு அது சோம்பலாகத்தான் தெரிகிறது.

முத்தியால்பேட்டை:
அப்படிப் பார்த்தால் ஆங்கிலேயன்தான் பெரிய சோம்பேறி, ஐயா. ஆக்ஸ்போர்டு பேரகராதியின் 1989 பதிப்பில் மிக நீளமான பதிவே இந்தச் சொல்லுக்குத்தான். வினையாக மட்டும் 430 பொருள். (பிற்பாடு ‘ரன்’ 645 பொருளோடு முந்திக்கொண்டது.) சூரியன் மறைந்தாலும் செட், ஜெல்லி உறைந்தாலும் செட், முறிந்த எலும்பைச் சேர்த்து வைத்தாலும் செட். உண்மையில் இவை இரண்டு சொற்கள். வினை, பழைய ஆங்கிலத்தில் ‘உட்கார வை’ என்ற பொருளில் பிறந்தது. கூட்டம், தொகுதி என்ற பெயர்ச்சொல் பிரெஞ்சு வழியாக லத்தீனிலிருந்து வந்தது. ஒலி ஒன்றானதால் உறவாகிவிட்டன.

அப்புறம், “எனக்கும் அவனுக்கும் செட்டாகாது” என்பதை லண்டனில் சொல்லிப் பாருங்கள், விழிப்பார்கள். அந்தப் பொருள் நாம் போட்டது.

சென்ட்ரிங் பலகை:
அகராதி எனக்குத் தெரியாது, கட்டட வேலை தெரியும். சிமெண்ட் செட்டாக ஆரம்பிப்பது 30 நிமிடத்துக்குக் குறையக் கூடாது, முழுக்க செட்டாவது 600 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. இது காய்வதில்லை. தண்ணீருக்குள்ளேயும் இறுகும். அதனால் ‘காய்ந்தது’ என்று சொல்ல முடியாது. கொத்தனாரிடம் ‘இறுகிடுச்சா’ என்றால், “செட்டாயிடுச்சானு கேக்கறீங்களா சார்?” என்கிறார்.

தொல்லை வேறு இடத்தில். அவருக்கு ஜன்னல் மேலே வரும் சன்ஷேடும் ‘சன்செட்’, கார் நிறுத்தும் ஷெட்டும் ‘செட்டு’. போன மாதம், “செட் ஆனதும் தூண் பலகையைப் பிரிச்சிடுங்க” என்று சொல்லிவிட்டு வந்தேன். மனுஷன் கார் செட்டு முடியட்டும் என்று காத்திருக்கிறார்! பலகை வாடகை மூன்று நாள் கூட.

கெடிலக்கரையான்:
பாருங்கள், இதைத்தான் சொன்னேன்!

முத்தியால்பேட்டை:
சரி, நம்ம ‘போடு’வை என்ன செய்வீர்கள்? சட்டை போடுகிறோம், டீ போடுகிறோம், கையெழுத்து, சண்டை, ஓட்டு எல்லாம் போடுகிறோம். ஆடு குட்டி போடுகிறது. ‘படி’ ஏறவும் உண்டு, அளக்கவும் உண்டு, பஞ்சப்படியும் உண்டு. அதெல்லாம் சோம்பலா?

கெடிலக்கரையான்:
அவை இங்கேயே விளைந்தவை, தம்பி. பம்புசெட்டோடும் எனக்குப் பகையில்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரித் தோப்புக்கு நடுவே, முதுகில் தொம்மென்று விழும் அந்தத் தண்ணீரில் குளித்து வளர்ந்தவன் நான். இயந்திரம் வந்தது, பேரும் கூடவே வந்தது. ‘ஒத்துவராது’ எந்தக் கப்பலில் வரவேண்டியிருந்தது?

முத்தியால்பேட்டை:
நியாயம்தான். ஆனாலும் ‘ஒத்துவராது’ என்றால் கதவை அடைத்த மாதிரி இருக்கிறது. ‘செட்டாகல’ என்றால் யார் மேலும் தப்பில்லை. பெண் பார்த்துவிட்டு வந்து சொல்ல அதுதான் வசதி.

இன்னொன்று. பிரெஞ்சில் ஏழுக்கு ‘செத்’. சின்ன வயதில் நான் சேங்க், சீஸ், செத் என்று எண்ணினால் பாட்டிக்குப் பொறுக்காது. “விளக்கு வெச்ச நேரத்துல என்னடா பேச்சு?” என்பாள். ஆறுக்கு அப்புறம் எட்டுக்குத் தாவிவிடுவேன்.

சென்ட்ரிங் பலகை:
அதிருக்கட்டும். அந்த மஞ்சக்குப்பம் ஓட்டலில் செட்டுக்கு வடகறி உண்டா?

கெடிலக்கரையான்:
உண்டு. ஆனால் செட்டு என்றால் இரண்டுதான்.

சென்ட்ரிங் பலகை:
இரண்டா? செட்டு என்றால் மூன்று, சார். இரண்டு ஜோடி.