பத்தாவதுல 91 எடுத்த புள்ளைக்கு சொந்தமா நாலு வரி இங்கிலீஷ் எழுத வரல, என்ன பண்றது?

திருமங்கலம்_மல்லி:

எல்லாருக்கும் வணக்கம். நாங்க திருமங்கலம் பக்கம் ஒரு கிராமம், ஒரு ஏக்கர்ல மல்லி போட்ருக்கோம், நானும் வீட்டுக்காரரும் அதத்தான் பாக்குறோம். பெரிய பொண்ணு பத்தாவது வரைக்கும் தமிழ் மீடியம், இங்கிலீஷ்ல 91 எடுத்துச்சு, அம்புட்டு சந்தோசம் எங்களுக்கு, தெருப் பூரா மிட்டாய் குடுத்தோம். இப்ப மதுரையில பிளஸ் ஒன் சேத்துருக்கோம், பயாலஜி குரூப், இங்கிலீஷ் மீடியம், வெள்ளன ஏழு மணி பஸ்ஸுக்கே கெளம்பிரும்.

போன வாரம் கிளாஸ்ல மிஸ் "உங்க ஊர்த் திருவிழா பத்தி ஒரு பாராகிராஃப் எழுதுங்க"ன்னு சொல்லிருக்காங்க. எங்க ஊரு முளைப்பாரி பத்தி இவள விட யாரும் சொல்ல முடியாது, விதை போடுற அன்னைக்குல இருந்து கண்மாய்ல கரைக்கிற வரைக்கும் ஒண்ணு விடாம சொல்லுவா. ஆனா பேப்பர்ல பேரு, தேதி, தலைப்பு இம்புட்டுத்தான் இருக்கு. பீரியடு முழுக்க பேனாவக் கையில வச்சுக்கிட்டே ஒக்காந்துருக்கா. வீட்டுக்கு வந்து "91 எடுத்ததெல்லாம் மனப்பாடம்மா, எனக்கு இங்கிலீஷே தெரியாது"ன்னு அழுதப்ப எனக்கு நெஞ்சு அடைச்சிருச்சு.

டவுன்ல ஒரு ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ்ல மூணு மாசத்துக்கு 7000 கேக்குறாங்க. சொந்தக்காரர் ஒருத்தர் இங்கிலீஷ் மார்க்கு கட் ஆஃப்ல சேராது, பாஸானா போதும், மத்த பாடத்தப் பாக்கச் சொல்லுங்கங்கிறாரு. நான் எட்டாவது வரைக்கும்தான், வீட்ல சொல்லிக் குடுக்க ஆளில்ல. பிளஸ் ஒன்ல ஆரம்பிச்சா லேட்டா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, சின்னவன் வேற இப்ப எட்டாவது, அவனுக்கும் இதே கதி ஆயிரக் கூடாது.


கப்பலூர்_தம்பி:

அக்கா, உங்க சொந்தக்காரர் சொன்னது கணக்குக்கு சரிதான். இன்ஜினியரிங் கட் ஆஃப் 200ல மேக்ஸ் 100, பிசிக்ஸ் 50, கெமிஸ்ட்ரி 50, இங்கிலீஷுக்கு அதுல எடமே இல்ல. நீட்டும் பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி பயாலஜி மட்டும்தான். நானும் தமிழ் மீடியம், அதையே நம்பி ரெண்டு வருசம் இங்கிலீஷ் புத்தகத்த பரீட்சைக்கு மொத நாள் மட்டும்தான் தொறந்தேன், இப்ப இன்ஜினியரிங் ரெண்டாவது வருசம் படிக்கிறேன், அதோட விலை என்னன்னு எனக்குத் தெரியும்.

மொத செமஸ்டர்ல எனக்கு மேக்ஸ் தெரியாம மார்க் போகல. கேள்வில "ஜஸ்டிஃபை"ன்னு இருந்தா காரணம் கேக்குறாங்கன்னு தெரியாம டெஃபனிஷன எழுதிட்டு வந்தேன். "கம்பேர்"னு கேட்டா ரெண்டையும் தனித்தனியா எழுதி வச்சேன். சார் கிளாஸ்ல சந்தேகம் கேளுங்கம்பாரு, சந்தேகம் இருக்கும், அத வாக்கியமா ஆக்குறதுக்குள்ள அவரு அடுத்த பக்கத்துக்குப் போயிருவாரு. பாப்பாவுக்கும் பயாலஜில இது வரும், "கீழ உள்ளதுல தப்பான வாக்கியம் எது"ன்னு கேப்பாங்க, அந்த "நாட்", "எக்செப்ட்", "ஒன்லி" இதெல்லாம் கண்ணுல படாம போனா தெரிஞ்ச பதிலும் தப்பாயிரும். நீட்ட தமிழ்லயும் எழுதலாம், ஆனா ரெண்டு வருசம் இங்கிலீஷ்ல படிச்சிட்டு அங்க போய் மாறுறது செரமம்.

அதுனால விட்றாதீங்கக்கா. எனக்கு உதவுனது ஒண்ணு சொல்றேன், பயாலஜி புத்தகத்துல தெனம் ஒரு பாரா எடுத்து, மூடி வச்சிட்டு, அதுல என்ன சொல்லிருக்குன்னு ரெண்டே வாக்கியத்துல எழுதச் சொல்லுங்க. தப்பா எழுதுனாலும் பரவாயில்ல. பாடமும் படிச்ச மாதிரி ஆச்சு.


உசிலம்பட்டி_வாத்தியார்:

அம்மா, வணக்கம். அரசுப் பள்ளியில 31 வருசம் இங்கிலீஷ் எடுத்துட்டு ரிட்டயர்டு ஆனவன். லேட்டெல்லாம் இல்ல. மொதல்ல பாப்பாகிட்ட அந்த 91 பொய்யில்லன்னு சொல்லுங்க. பாடத்துக்குப் பின்னாடி இருக்குற கேள்விய நாங்க கேட்டோம், அது பதில் சொல்லிருச்சு. "நீ என்ன நெனைக்கிற"ன்னு அதுகிட்ட யாரும் கேக்கல. ரிசல்ட் காட்டணும்னு பதில போர்டுல எழுதிப் போட்டு, அப்படியே எழுது ஒரு எழுத்து மாறக் கூடாதுன்னு சொன்னவன்ல நானும் ஒருத்தன், அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கு.

முளைப்பாரி பத்தி அம்புட்டு சொல்லத் தெரிஞ்ச புள்ள பேப்பர வெறுமனே குடுத்துருக்குன்னா அதுக்கு விசயம் இல்லாம இல்ல, நேரா இங்கிலீஷ்லயே நெனைக்கணும்னு பயந்து நின்னுருக்கு. மொதல்ல தமிழ்ல எழுதச் சொல்லுங்க, உங்ககிட்ட பேசுற மாதிரியே. தமிழ்ல நெனைக்கக் கூடாது இங்கிலீஷ்ல நெனைன்னு சில பேரு சொல்லுவாங்க, ஆரம்பத்துல இருக்குற புள்ளைக்கு அது ஆகாது, தெரிஞ்ச மொழிதான் ஏணி.

ஆனா தமிழ் வாக்கியத்த எங்கெங்க திருப்பிப் போடணும்னு தெரியணும், இத எந்த கைடுலயும் நான் ஒழுங்காப் பாக்கல. "அப்பத்தா பானையில விதை போட்டுச்சு"ங்கிறோம், வேலையச் சொல்ற வார்த்தை நமக்குக் கடைசியில வருது, இங்கிலீஷ்ல ஆளுக்கு அடுத்து வந்துரும். "பானையில"ங்கிறதுல அந்த "ல" பானைக்குப் பின்னாடி ஒட்டிருக்கு, இங்கிலீஷ்ல "இன்"னு முன்னாடி போய் நிக்கும். க்கு, ஓட, கிட்ட இருந்து எல்லாமே அப்படித்தான், டு, வித், ஃப்ரம் எல்லாம் முன்னாடி. இன்னொண்ணு, "நேத்து வெளியூர்ல இருந்து வந்த சித்தி"ன்னு சொன்னா நம்ம விவரத்த எல்லாம் முன்னாடி கொட்டிட்டு கடைசியா சித்தியக் கொண்டாறோம். இங்கிலீஷ்காரன் சித்தியச் சொல்லிட்டு "ஹூ"ன்னு ஒரு கொக்கி போட்டு விவரத்தப் பின்னால தொங்க விடுவான். இந்தத் திருப்பம் புரிஞ்சிருச்சுன்னா பாதி பயம் போயிரும்.

எ, தி எங்க போடறதுன்னு பூரா புள்ளைகளும் முழிக்கும், ஏன்னா நமக்கு அந்தப் பழக்கமே இல்ல. மொத தடவை சொல்றப்ப "ஒரு பானை", அடுத்த தடவை "அந்தப் பானை", கேக்குறவருக்கு எந்தப் பானைன்னு தெரியும்ல, அங்க தி. எல்லா எடத்துக்கும் பொருந்தாது, ஆனா ஆரம்பிக்க இது போதும். டென்ஸ்ல "பாத்துட்டு இருக்கேன்", "பாத்திருக்கேன்" ரெண்டும் நம்ம பேச்சுலயே இருக்கு, அத வச்சே புரிய வைக்கலாம். ஒரே எடத்துலதான் தடுக்கி விடும், "நேத்து பாத்திருக்கேன்"னு நம்ம பேச்சுல வரும், இங்கிலீஷ்ல ஹேவ் போட்டா கூட எஸ்டர்டே வரக் கூடாது, "பாத்தேன்"ங்கிறதுக்கு உள்ள வெறும் "சா"தான்.

தெனம் அஞ்சு வரி, தனி நோட்டுல. அன்னைக்கு நடந்தது எதுனாலும் சரி, பூ எடை போட்டது, பஸ்ல எடம் கெடைக்காதது. திருத்துறவங்க யாரா இருந்தாலும் எல்லாத் தப்பையும் செவப்புல வளைக்கச் சொல்லாதீங்க, புள்ள நோட்டையே மூடி வச்சிரும். ஒரு வாரம் டென்ஸ் மட்டும், அடுத்த வாரம் எ, தி மட்டும்.

படிக்கிறதுக்கு பிளஸ் டூ புத்தகத்த இப்பவே எடுத்துப் பாக்கச் சொல்லுங்க. நம்ம கி.ரா.வோட நாற்காலி கதைய அதுல இங்கிலீஷ்ல குடுத்துருக்காங்க. மொதல்ல தமிழ்ல கதையப் படிச்சிட்டு அப்புறம் இங்கிலீஷ்ல படிக்கட்டும். கரிசக்காட்டு வீட்டுக்குள்ள நடக்குறது, அந்த மனுசங்களத் தெரியும், அதுனால தெரியாத வார்த்தை வந்தாலும் பயம் வராது. அதே புத்தகத்துல ஜார்ஜ் ஆர்வெல் 1946ல எழுதுன டீ போடுறது பத்தின கட்டுரையும் இருக்கு, 11 விதி சொல்றாரு, அதுல கடைசி விதி டீல சீனி போடக் கூடாதுங்கிறது. நான் அத நடத்துனப்ப எங்க கிளாஸே எந்திரிச்சு நின்னு சண்டைக்கு வந்துச்சு. சரி, உங்க வீட்ல எப்படி டீ போடுவாங்கன்னு எழுதுங்கன்னேன். அது வரைக்கும் ஒரு வாக்கியம் சொந்தமா எழுதாத பய ஒருத்தன், அவங்க அப்பா டீக்கடை, ஒண்ணரைப் பக்கம் எழுதுனான். கிராமர் பூரா தப்பு, ஆனா வடிகட்டிய எத்தனை தடவை தூக்கி ஆத்துவாருன்னு வரைக்கும் இருந்துச்சு. அந்த நோட்ட அவன்கிட்ட கேட்டு வாங்கி இன்னும் வச்சிருக்கேன்.


செல்லூர்_டியூஷன்_மிஸ்:

சார் சொன்னது எல்லாமே சரி, ஒரு எடத்துல மட்டும் எனக்கு ஒத்துப் போகல. மனப்பாடம்னாலே தப்புங்கிற மாதிரி புள்ளைங்க எடுத்துக்கக் கூடாது. நான் ஒன்பதாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் சாயங்காலம் டியூஷன் எடுக்குறேன், மெமரி போயம சத்தமா, தாளத்தோட சொல்லிப் பழகுன புள்ளைகளுக்குத்தான் வாக்கியத்தோட ஓட்டம் காதுல நிக்கிது. பேசுறப்ப அதுவே கை குடுக்கும். அர்த்தம் தெரியாம பதில உருப்போடுறதுதான் வீண்.

மார்க்கையும் விட முடியாது அக்கா. பிளஸ் டூ இங்கிலீஷ்ல எழுத்துப் பரீட்சை 90, இன்டர்னல் 10. அந்த 90ல 20 ஒரு மார்க், அப்புறம் ரெண்டு மார்க்ல 14, மூணு மார்க்ல 21, அஞ்சு மார்க்ல 35. பாடத்துல இருந்து வர்றத எல்லாரும் எழுதிருவாங்க, தப்பத் திருத்துறது, நோட்ஸ் மேக்கிங், காம்ப்ரிஹென்ஷன், லெட்டர் இங்கதான் மனப்பாடம் நிக்காது. அதுனால அந்த அஞ்சு வரி நோட்டு பரீட்சைக்கும்தான் உதவும், பாப்பாவுக்கு இத எடுத்துச் சொல்லுங்க, நேரம் வீணாகுதேன்னு நெனைக்க வேணாம்.

7000 குடுத்து கிளாஸ் போறத இப்ப நிறுத்தி வைங்க. அந்த மாதிரி கிளாஸ்ல ஹவ் ஆர் யூ, செல்ஃப் இன்ட்ரோ, இன்டர்வியூ பதில் இதத்தான் பெரும்பாலும் சொல்லித் தர்றாங்க, அதையும் உருப்போட வைக்கிறாங்கன்னா மறுபடி அதே எடந்தான். பாப்பா மதுரைக்குத்தான் தெனம் வருது, நத்தம் ரோட்டுல கலைஞர் நூற்றாண்டு நூலகம் 2023 ஜூலைல தொறந்தாங்க, சனிக்கிழமை கூட்டிட்டுப் போங்க, சின்னவனையும் சேத்து. ஒக்காந்து படிக்கக் காசு கெடையாது. இவ பிளஸ் ஒன்ங்கிறதுக்காக பெரிய நாவலத் தூக்கக் கூடாது, சின்னப் புள்ளைங்க பிரிவுல இருக்குற மெல்லிசு கதைப் புத்தகத்துல ஆரம்பிக்கட்டும், வெக்கப்பட வேண்டியதில்ல, ஒரு பக்கத்துல நாலஞ்சு வார்த்தைக்கு மேல தெரியலன்னா அத வச்சிட்டு வேற எடுக்கட்டும். ஒவ்வொரு வார்த்தைக்கும் டிக்‌ஷனரி பாத்தா கதை செத்துப் போயிரும், ரெண்டு மூணு தடவை திரும்பத் திரும்ப வர்ற வார்த்தைய மட்டும் பாத்தா போதும்.

பேசுறதுக்கு: தம்பிக்கு தெனம் பத்து நிமிசம் அவ கதை படிச்சுக் காட்டட்டும், சத்தமா. கேக்குறவன் சிரிக்கக் கூடாதுன்னு மட்டும் நீங்க சொல்லி வைங்க, வீட்ல ஒரு தடவை கிண்டல் பண்ணிட்டா அந்தப் புள்ள காலேஜ்லயும் வாயத் தொறக்காது, நான் எத்தனையோ பேரப் பாத்துட்டேன். எட்டாவது படிக்கிறவனுக்கும் அதுதான் டியூஷன். ஒன்பதாவதுக்குள்ள அவன் ஒரு கதையச் சொந்த வார்த்தையில திருப்பிச் சொல்லிட்டான்னா, பத்தாவதுல பாராகிராஃப் பயப்படாம எழுதுவான்.


திருமங்கலம்_மல்லி:

சார், மிஸ், தம்பி எல்லாருக்கும் கோடி நன்றி. ராத்திரி நானே ஒக்காந்து எல்லாத்தையும் அவளுக்கு வாசிச்சுக் காட்டுனேன். டீக்கடைப் பையன் கதை வந்தப்ப அவ நிமுந்து பாத்தா. ஒரு சந்தேகம் சார், ஸ்பெல்லிங்தான் அவளுக்கு ரொம்ப உதைக்குது. கத்திக்கு "நைஃப்", முழங்காலுக்கு "நீ", இதுக்கெல்லாம் முன்னாடி எதுக்கு ஒரு கே, வாயில வராத எழுத்த எதுக்கு எழுதணும்னு கேக்குறா. எனக்குப் பதில் தெரியல.


உசிலம்பட்டி_வாத்தியார்:

நல்ல கேள்விம்மா. ஒரு காலத்துல அந்த கே வாயில வந்துச்சு. இங்கிலாந்துல 1476ல காக்ஸ்டன் அச்சுக்கூடம் வச்சாரு, அதுக்கப்புறம் கொஞ்சங் கொஞ்சமா எழுத்து ஒரு மாதிரியா நெலைச்சுப் போச்சு. மக்கள் பேச்சு மட்டும் மாறிக்கிட்டே இருந்துச்சு, கே வாயில இருந்து விழுந்துருச்சு, தாள்ல நின்னுருச்சு. உயிர் எழுத்துச் சத்தமும் அந்தக் காலத்துலதான் ரொம்ப மாறுச்சு. நம்ம "வந்துவிட்டது"ன்னு எழுதிட்டு "வந்துருச்சு"ன்னு பேசுறோம்ல, அது மாதிரின்னு சொல்லுங்க, புரிஞ்சுக்கும். ஸ்பெல்லிங்க எழுத்தெழுத்தா உருப்போடாம ஒரே சாடையில இருக்குற வார்த்தைகளச் சேத்துச் சேத்து எழுதிப் பழகட்டும், லைட், நைட், ரைட், ஃபைட்னு.


திருமங்கலம்_மல்லி:

சொல்லிட்டேன் சார். இன்னைக்கு மூணு வரி எழுதிருக்கா, அவளே வாசிச்சா, நான் தமிழ் எழுத்துல எழுதிப் போடுறேன், தப்பிருந்தா சொல்லுங்க.

"வீ கீப் தி பாட்ஸ் இன் எ டார்க் ரூம். தி சன் ஷுட் நாட் சீ தெம். மை கிராண்ட்மதர் சிங்ஸ் டு தெம்."

கடைசி வரியில சிங்ஸா, சேங்கான்னு அவளுக்கு சந்தேகம். இந்த வருசத் திருவிழா முடிஞ்சு போச்சு.


உசிலம்பட்டி_வாத்தியார்:

வருசா வருசம் அப்பத்தா பாடுறதச் சொன்னா சிங்ஸ். இந்த வருசம் பாடுனத மட்டும் சொன்னா சேங், அப்ப மேல உள்ள கீப்பையும் கெப்ட்னு மாத்தணும். எதச் சொல்ல நெனைச்சாளோ அத அவளே போடட்டும். மூணு வரியிலயும் திருத்த ஒண்ணுமில்லம்மா. நாளைக்கு மிச்ச ரெண்டு வரியையும் எழுதச் சொல்லுங்க, அந்த இருட்டு ரூம்ல பயிரு என்ன நெறத்துல வருதுன்னு எனக்கு அவ எழுத்துல படிக்கணும்.