கருப்பு அலகை நம்பி ஏமாந்தேன்

வேடந்தாங்கலில் ஒரு டிசம்பர் காலையில் எடுத்த படம் அது. கிளையில் வெள்ளைக் கொக்கு, அலகு கன்னங்கரேல். பறவை பார்க்கத் தொடங்கி ஓராண்டு ஆகியிருந்த மிதப்பில் 'சின்னக் கொக்கு' என்று எழுதி வைத்தேன். அலகு கருப்பென்றால் சின்னக் கொக்கு, மஞ்சளென்றால் மற்றவை. நான் மனப்பாடம் செய்திருந்த பாடம் அவ்வளவுதான்.

எங்கள் ஊர் ஏரிக்கரையில் நாள்தோறும் நடக்கும் பெரியவர் ஒருவரிடம் படத்தை நீட்டினேன். அவர் அதை வாங்கவே இல்லை. "பக்கத்தில் என்ன பறவை இருந்தது தம்பி? அதைவிட இது பெரிதா, சிறிதா?" என்றார். தெரியவில்லை. "கழுத்து எப்படி மடிந்திருந்தது?" அதுவும் தெரியவில்லை. கொக்கு அங்கே இருந்த பத்து நிமிடமும் நான் கேமராவின் பொத்தான்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கினால், வாய்ப்பிளவுக் கோடு, அதாவது அலகின் அடியிலிருந்து முகத்தில் பின்னோக்கி ஓடும் கோடு, கண்ணைத் தாண்டிப் பின்னால் போகிறது. பெரிய கொக்கு! இனப்பெருக்கக் காலத்தில் அதன் மஞ்சள் அலகு கருத்துவிடும் என்பதை அன்றுதான் அறிந்தேன். 90 செ.மீ. பறவையை 60 செ.மீ. பறவையாக்கியிருக்கிறேன்.

அடுத்த இரண்டு மாதம் கேமரா அலமாரியில் தூங்கியது. பைனாகுலரும் ஒரு நோட்டும் போதும் என்று கிளம்பினேன். சின்னக் கொக்குக்கு இருப்புக் கொள்ளாது. ஆழமில்லாத நீரில் ஒரு காலை நீட்டிச் சேற்றைக் கலக்கும். கலங்கி வெளியே வருவதைக் கொத்தும். கால் கருப்பு, பாதம் மட்டும் மஞ்சள். சேறு அப்பியிருந்தால் அந்த மஞ்சளும் தெரியாது, அது எழுந்து பறக்கும்வரை பொறுக்க வேண்டும். பெரிய கொக்கோ நட்ட கழிபோல நிற்கும். அதற்குப் போட்டியாக நின்றதில் என் கால்தான் மரத்துப்போனது. உண்ணிக்கொக்குக்கு நீரே தேவையில்லை, மாடு நடக்கையில் கிளம்பும் வெட்டுக்கிளி போதும். எங்கள் பக்கத்தில் இப்போது அது டிராக்டரின் பின்னால் ஓடுகிறது.

மடையான் என்னை வேறு விதமாக ஏய்த்தது. நான்கு வெள்ளைக் கொக்குகள் வரப்பில் இறங்கின. போய்ப் பார்த்தால் ஒன்றையும் காணோம். சேற்று நிறத்தில் நான்கு மடையான்கள் குந்தியிருந்தன. இறக்கையை மடித்ததும் வெள்ளை மறைந்துவிடுகிறது.

இன்னும் தடுமாற வைப்பது நடுத்தரக் கொக்குதான். வாய்ப்பிளவு கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும் என்பது பாடம். எண்பது அடி தூரத்தில், வெயில் கண்ணில் அடிக்கும்போது அந்தக் கோட்டைத் தேடுவது தனிச் சோதனை. போன ஞாயிற்றுக்கிழமை ஒன்று முகத்தைத் திருப்பவே இல்லை. நோட்டில் 'கொக்கு' என்று மட்டும் எழுதிவிட்டு வந்தேன்.