இந்தியாவின் மின்கழிவு மறுசுழற்சியை எந்த அளவுகோலால் மதிப்பிடுவது?

ஆய்வு மாணவி:
வணக்கம். முதுநிலைப் பட்டத்துக்காக இந்தியாவின் மின்கழிவு மேலாண்மையை மதிப்பிட்டு ஆய்வேடு எழுதுகிறேன். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்கின்படி 2021-22இல் உருவான மின்கழிவு சுமார் 16 லட்சம் டன், அதில் 5.27 லட்சம் டன், அதாவது ஏறத்தாழ 33 சதவீதம், முறையாகப் பதப்படுத்தப்பட்டது. உலக மின்கழிவு அறிக்கையோ, 2022இல் இந்தியாவில் உருவானது ஏறத்தாழ 41 லட்சம் டன் என்கிறது. அதைக் கொண்டு வகுத்தால் விகிதம் 13 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. எதை அடிப்படையாகக் கொள்வது?

கொள்கை ஆய்வாளர்:
இரண்டுமே தராசில் நிறுத்துப் பார்த்த எடையல்ல. விற்பனை அளவையும் பொருளின் சராசரி ஆயுளையும் கொண்டு போட்ட கணக்குகள். வாரியத்தின் கணக்கு அன்றைய விதிகளில் இருந்த 21 வகைப் பொருள்களை மட்டுமே உள்ளடக்கியது. உலக அறிக்கையின் வலை மிகவும் அகலமானது. 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த புதிய விதிகள் பட்டியலை 106 பொருள்களாக விரித்திருப்பதால், அதற்குப் பிந்தைய ஆண்டுகளைப் பழைய ஆண்டுகளோடு நேராக ஒப்பிடவும் முடியாது. இரு எண்களையும் அவற்றின் எல்லையோடு சேர்த்தே எழுதுங்கள்.

மறுசுழற்சி ஆலைப் பொறியாளர்:
விகிதத்தோடு நின்றுவிடாதீர்கள் என்பதே என் வேண்டுகோள். வீட்டு வாசலுக்கே வந்து கையில் காசு கொடுத்து வாங்குபவர் காயலான் கடைக்காரர். உரிமம் பெற்ற ஆலைகளால் அந்த விலையைக் கொடுத்துக் கட்டுப்படியாவதில்லை. அதனால் எங்கள் இயந்திரங்கள் சரக்கில்லாமல் நிற்கும் நாள்கள் உண்டு.

ஆனால் உரிமம் இல்லாமல் இயங்கும் இந்த முறைசாராத் துறையைப் பற்றி ஒரே தீர்ப்பாக எழுதுவதும் நியாயமன்று. திருப்புளியும் சுத்தியலும் கொண்டு பழைய கணினியைப் பிரிக்கும் தொழிலாளி, தாமிரத்தையும் அலுமினியத்தையும் பிளாஸ்டிக்கையும் பிரித்தெடுக்கும் சுத்தத்தை எங்கள் அரைவை இயந்திரம் எட்டாது. கேடு தொடங்குவது அடுத்த படியில்தான். சர்க்யூட் போர்டை அடுப்பின் மேல் பிடித்து, ஈயப் பற்று இளகியதும் சில்லுகளைக் குறட்டால் பிடுங்குகிறார்கள். பின்பு பலகையை அமிலத்தில் ஊறவைக்கிறார்கள். அந்தப் புகையைச் சுவாசிப்பவர் முகத்தில் பெரும்பாலும் ஒரு துணி மட்டுமே இருக்கும். இவ்வளவு துன்பத்துக்கும் கிடைப்பது சொற்பம்: பெங்களூரில் நடந்த ஆய்வொன்றில், போர்டில் இருந்த தங்கத்தில் கால் பங்குதான் இந்த முறையில் மீண்டது, நவீன உருக்காலைகளில் 95 சதவீதம் வரை மீள்கிறது.

ஆகவே சேகரிப்பு, பிரித்தல், உலோக மீட்பு ஆகிய மூன்றையும் தனித்தனியே மதிப்பிடுங்கள். 2016ஆம் ஆண்டு விதிகளில் சேகரிப்பு மையங்களுக்கும் பிரிப்போருக்கும் தனி இடம் இருந்தது. புதிய விதிகளில் உற்பத்தி செய்வோர், விற்பனைக்குக் கொண்டுவருவோர், புதுப்பிப்போர், மறுசுழற்சியாளர் ஆகியோர் மட்டுமே பதிவுக்கு உரியவர்கள். பிரித்தல் என்ற, நன்றாக நடக்கும் படியையே சட்டம் கண்ணில் படாமல் விட்டுவிட்டது என்பது என் மனக்குறை.

ஆய்வு மாணவி:
மிக்க நன்றி, ஐயா. மூன்று படிகளாகப் பிரித்தே எழுதுகிறேன். ஆனால் முறைசாராத் துறையில் பதிவேடு ஏதும் இல்லையே; தரவுகளை எங்கிருந்து திரட்டுவது?

தில்லி வாசகர்:
தில்லியில் மின்கழிவு வாங்கிப் பிரிக்கும் கடைகள் நிறைந்த சீலம்பூர்ப் பகுதியில் களப்பணி செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். எத்தனை டன் வருகிறது என்று கேட்டால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். கிலோ என்ன விலை என்று கேட்டால் எல்லோரும் சொல்வார்கள். கைப்பேசி போர்டு, கணினி போர்டு, தொலைக்காட்சி போர்டு என்று தரம் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை வைத்திருக்கிறார்கள். வீட்டில் வாங்கும் விலை, மொத்த வியாபாரி தரும் விலை, கடைசியாக வாங்குபவர் தரும் விலை ஆகியவற்றை ஒரே வாரத்தில் குறித்துக்கொண்டால், சரக்கு எந்தப் பக்கம் பாய்கிறது, ஆலை எவ்வளவு கூடுதலாகக் கொடுத்தால் அது திசை மாறும் என்பது தெரிந்துவிடும். இங்கிருந்து போர்டுகள் உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்துக்குப் போவது பலரும் அறிந்த செய்தி; அங்கே ராம்கங்கை ஆற்றங்கரையில் அவற்றை எரித்ததன் சாம்பல் குவிந்ததையும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விசாரித்திருக்கிறது. அந்த வழக்கின் ஆவணங்களையும் தேடிப் படியுங்கள்.

அமில வேலையைப் பற்றி முதல் நாளே கேட்க வேண்டாம். அது தடை செய்யப்பட்ட வேலை. சோதனைக்கு வந்தவர் என்று நினைத்துக் கடையைச் சாத்திவிடுவார்கள், அவர்களுடைய அன்றைய கூலியும் போய்விடும்.