பிள்ளைக்கு ரத்த டெஸ்டுல ஏஎஸ்ஓ 400னு வந்துச்சு, பயந்து போயிட்டேன். உங்க வீட்டுல நடந்ததையும் சொல்லுங்க

ரங்கூன், சின்னவ அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். எங்க சின்னவளுக்கு ஒம்போது வயசு. ஜூன்ல ஸ்கூல் தொறந்த ரெண்டாவது வாரமே தொண்டை வலி, காய்ச்சல், எச்சி முழுங்க முடியல, நாலு நாள்ல அதுவா சரியாயிடுச்சு, மழையில நனைஞ்சதுதான்னு நாங்களும் விட்டுட்டோம். ஒரு மாசம் கழிச்சு ராத்திரியானா ரெண்டு காலும் வலிக்குதுனு அழுவா, விடிஞ்சா எந்திரிச்சு ஓடுவா. பக்கத்து கிளினிக்ல ரத்தம் எடுத்தாங்க, ஏஎஸ்ஓ 400, பக்கத்துலயே 200க்குள்ள இருக்கணும்னு அச்சடிச்சிருக்கு. அந்தத் தாள மட்டும் பாத்துட்டு ருமாட்டிக் காய்ச்சல் (தொண்டைப்புண்ணுக்கு அப்புறம் முட்டியையும் இதயத்தையும் தாக்கற வியாதி), மாசாமாசம் பென்சிலின் ஊசி, அஞ்சு வருசம் போடணும்னுட்டாங்க. நெஞ்சுல ஸ்டெத் வச்சுக்கூட பாக்கல. அன்னிக்கே மொத ஊசியும் போட்டாச்சு, பிள்ளை சாயங்காலம் முழுக்க ஒரு பக்கமா சாஞ்சு உக்காந்துதான் சோறு தின்னா.

மனசு கேக்காம குழந்தைங்க டாக்டரம்மா ஒருத்தங்ககிட்ட கூட்டிட்டுப் போனேன். அந்த சயாமா (இங்க டாக்டரம்மாவ அப்படித்தான் கூப்பிடுவோம்) முட்டி, கணுக்கால், மணிக்கட்டுனு ஒவ்வொண்ணா அழுத்திப் பாத்தாங்க, வீக்கமும் இல்ல சூடும் இல்ல. இதயத்துக்கு ஈசிஜி, எக்கோ ஸ்கேன், உடம்புல அழற்சி இருக்கானு பாக்கற ரத்த டெஸ்டு ஈஎஸ்ஆர், சிஆர்பி எல்லாம் எடுக்கச் சொன்னாங்க, எல்லாமே நார்மல். அப்புறந்தான் நிதானமா சொன்னாங்க, ஏஎஸ்ஓங்கறது கிருமி இல்லம்மா, தொண்டைப்புண் குடுக்கற ஸ்ட்ரெப் கிருமி விடற ஒரு நஞ்சுக்கு எதிரா உம் பொண்ணு உடம்பு செஞ்சு வச்ச ஆன்டிபாடி, அதாவது எதிர்ப்புப் பொருள், தொண்டைப்புண் வந்து ஒரு வாரத்துல ஏற ஆரம்பிக்கும், மூணுல இருந்து அஞ்சு வாரத்துல உச்சிக்குப் போகும், அப்புறம் இறங்கறதுக்கு மாசக்கணக்கா ஆகும், அதனால 400ங்கறது ஜூன்ல வந்த தொண்டை வலியோட தடம், அவ்வளவுதான்னாங்க. ஸ்கூல் போற வயசுல சும்மா இருக்கற பிள்ளைக்கே பெரியவங்கள விட கொஞ்சம் கூடத்தான் இருக்குமாம். ருமாட்டிக் காய்ச்சல்னா முட்டி வீங்கி நெருப்பா கொதிக்கும், ஒண்ணு அடங்கி இன்னொண்ணுக்குத் தாவும், இல்லன்னா இதயத்துல எதாவது தெரியணும், வெறும் ஏஎஸ்ஓவ வச்சு அந்தப் பேரு சூட்டக் கூடாதுனு சொல்லி ஊசிய நிறுத்திட்டாங்க. ஒரு நம்பருக்காக அஞ்சு வருசம் குத்து வாங்கியிருப்பா எம் பொண்ணு, நெனச்சா இப்பவும் வயிறு எரியுது. உங்க யாருக்காவது இப்படி ஆச்சா?

மோல்மேன், ரெண்டு பசங்க அம்மா:

எங்களுக்கு நேர் எதிரா நடந்துச்சு அக்கா. எம் மவனுக்குத் தொண்டை வலியே வரல. மழைக்காலத்துல முழங்காலுக்குக் கீழ சொறிஞ்சு சொறிஞ்சு புண்ணாகி தேன் கலர்ல பொருக்கு கட்டும்ல, அதுதான். எங்க மாமியா குளிர்ச்சினு அதுமேலயே தனாக்கா மரப்பட்டைய அரைச்சுப் பூசுனாங்க, நானும் ஒண்ணும் சொல்லல. புண்ணு ஆறி மூணு வாரம் இருக்கும், காலையில ஸ்கூலுக்குக் கிளப்பறப்ப மூஞ்சில தனாக்கா பூசப் போறேன், கண்ணுக்குக் கீழ பொத பொதனு வீங்கிக் கெடக்கு, கண்ணையே முழுசா தொறக்க முடியல. அப்புறம் ஒண்ணுக்குப் போனத பாத்தா கோலா மாதிரி கருஞ்செவப்பு. எனக்குக் கை காலெல்லாம் ஆடிப்போச்சு.

ஆஸ்பத்திரியில பிபி ஏறியிருந்துச்சு. ஏஎஸ்ஓ எடுத்தா 200க்கும் கீழ! வீட்டுல எல்லாரும் ஸ்ட்ரெப் இல்லனு சந்தோசப்பட்டாங்க, டாக்டர் மட்டும் ஒத்துக்கல. தோல்ல வர்ற ஸ்ட்ரெப்புக்கு ஏஎஸ்ஓ சரியா ஏறாது, தோல்ல இருக்கற கொழுப்பு அந்த நஞ்சைக் கட்டிப்போட்டுரும், ஸ்ட்ரெப்புக்கு எதிரான இன்னொரு ஆன்டிபாடி, ஆன்டி டிஎன்ஏஸ் பி, அத பாக்கணும்னு சொல்லி ரங்கூன் லேபுக்கு ரத்தம் அனுப்புனாங்க. அது எக்கச்சக்கமா ஏறியிருந்துச்சு, ரத்தத்துல சி3ங்கற ஒரு எதிர்ப்புப் புரதம் கொறஞ்சிருந்துச்சு, கிட்னியில வீக்கம்னு உறுதியாச்சு. உப்பில்லாத சாப்பாடு, தண்ணிகூட அளந்துதான். ரெண்டு மாசத்துல சி3 பழைய நிலைக்கு வந்துருச்சு, பையன் இப்ப நல்லா இருக்கான். தொண்டையா தோலாங்கறத டாக்டர் கேக்கலன்னாலும் நீங்களா வாயத் தொறந்து சொல்லிருங்க.

லேப்ல வேலை பாக்கறவன்:

அந்த 400 எங்கேருந்து வருதுனு சொல்றேன். நெறைய சின்ன லேப்ல நாங்க செய்யறது லேடெக்ஸ் ஸ்லைடு டெஸ்ட். கருப்புக் கட்டத்துல ஒரு சொட்டு சீரம் (ரத்தம் உறைஞ்சதும் மேல தெளியற நீர்), ஒரு சொட்டு வெள்ளை லேடெக்ஸ் (அந்த ஸ்ட்ரெப் நஞ்சு பூசின பொடிப்பொடி மணி கலந்த நீர்), குச்சியால கலக்கி ஆட்டிக்கிட்டே ரெண்டு நிமிசம் பாக்கணும், மணல் மணலா திரிஞ்சா பாசிட்டிவ். அப்புறம் சீரத்த பாதி பாதியா நேர்ப்பிச்சு நேர்ப்பிச்சு எதுவரைக்கும் திரியுதுனு பாப்போம், அதனால ரிப்போர்ட் 200, 400, 800னு இரட்டிப்பாத்தான் வரும், நடுவுல 310னு வராது. 200க்கும் 400க்கும் ஒரே ஒரு படி வித்தியாசம், அது கண்ணு பாக்கற பார்வையில கூட மாறும். கூட்டமான நாள்ல ரெண்டு நிமிசம் தாண்டிட்டா ஓரம் காஞ்சு திரிஞ்ச மாதிரியே தெரியும், இத நான் கண்ணால பாத்திருக்கேன், மனசுக்குக் கஷ்டமா இருக்கும். மறுபடி பாக்கறதா இருந்தா ரெண்டுல இருந்து நாலு வாரம் விட்டு அதே லேப்ல எடுங்க, ரெண்டு படி ஏறியிருந்தா அதுக்கு அர்த்தம் இருக்கு. இன்னொண்ணு, இன்னிக்கு தொண்டை வலிக்குதுனு வந்து ஏஎஸ்ஓ கேக்காதீங்க, ஆன்டிபாடி இன்னும் பொறந்தே இருக்காது, அதுக்கு தொண்டையில பஞ்சு வச்சு எடுக்கற டெஸ்டுதான்.

பெகு, வால்வு கேஸ்:

அக்கா கதைய படிச்சிட்டு யாரும் ஊசிய நீங்களா நிறுத்திராதீங்க, கையெடுத்துக் கேட்டுக்கறேன். எனக்குப் பதினொரு வயசுல முட்டி நெசமாவே வீங்கி தாவித் தாவி வந்துச்சு, எக்கோவுல இதயத்தோட மைட்ரல் வால்வு ஒழுகறது தெரிஞ்சுச்சு. நாலு வாரத்துக்கு ஒருக்கா பென்சாதின் பென்சிலின் ஊசி, எனக்கு நாப்பது வயசு வரைக்கும் போடணும். நடுவுல ஒரு வருசம் ஏஎஸ்ஓ நார்மலுக்கு வந்துருச்சுனு எங்கப்பா நிறுத்திட்டாரு, அடுத்த மழையிலயே திரும்ப வந்து வால்வு இன்னும் கெட்டுப்போச்சு. எனக்கு ஊசி போடறது இருக்கற கிருமிக்கு இல்ல, இன்னொரு தடவ வராம இருக்கறதுக்கு. நம்பர் இறங்குனா வியாதி போச்சுனு அர்த்தமே இல்ல.

ரங்கூன், சின்னவ அம்மா:

தம்பி, நீ சொன்னது ரொம்ப முக்கியம், நானும் டாக்டர் சொல்லித்தான் நிறுத்துனேன். லேப் அண்ணே சொன்ன மாதிரியே அதே லேப்ல நாலு வாரம் கழிச்சு திரும்ப எடுத்தோம், அப்பவும் 400தான். சயாமா தாள மடிச்சுக் கையில குடுத்துட்டு இனி இத எடுக்க வேணாம், முட்டி வீங்குனாலோ மூச்சு வாங்குனாலோ ஒண்ணுக்கு கலர் மாறுனாலோ அன்னிக்கே கொண்டு வாங்கன்னாங்க. ராத்திரி கால் வலி இன்னும் வாரத்துல ரெண்டு நாள் வருது, நல்லெண்ண சூடு காட்டித் தேய்ச்சுவிட்டா அஞ்சு நிமிசத்துல தூங்கிருவா.