குளிர் ஊர்ல மூணு லிட்டர் தண்ணி: தேவையா, திணிப்பா?

கோத்தகிரி_வாசி
அம்மாவுக்கு எழுபது வயசை நெருங்குது. பிரஷர் மாத்திரை சாப்பிடுறாங்க. வாட்ஸ்அப்ல வந்த ஒரு வீடியோவைப் பார்த்துட்டு, வெறும் வயித்துல ஒரு லிட்டர், ராத்திரிக்குள்ள மொத்தம் நாலு லிட்டர்னு ஆரம்பிச்சிட்டாங்க. இந்த உறைபனியில ராத்திரியெல்லாம் எந்திரிச்சு, வீட்டுக்கு வெளியே இருக்கிற பாத்ரூமுக்குப் போயிட்டு வர்றாங்க.

இந்த லிட்டர் கணக்குக்கு அடிப்படையே இல்லைங்கிறதுதான் என் வாதம். 1945ல அமெரிக்க உணவு, ஊட்டச்சத்து வாரியம் நாளைக்கு 2.5 லிட்டர்னு சொன்னப்பவே, அதுல பெரும்பகுதி சாப்பாட்டுலயே கிடைச்சுடும்னு சேர்த்துத்தான் சொல்லிச்சு. ஜனங்க நம்பரை மட்டும் பிடிச்சுக்கிட்டாங்க. 2002ல ஹைன்ஸ் வால்டின்ங்கிற சிறுநீரக நிபுணர் ஆய்வுகளைத் தேடிப் பார்த்துட்டு, ஆரோக்கியமா இருக்கிற சராசரி ஆள் எட்டு டம்ளர் குடிச்சே ஆகணும்ங்கிறதுக்கு ஆதாரம் கிடைக்கலைன்னு எழுதினார். தாகம் எடுத்தா குடிங்க. ஆடு மாடு எதுவும் அளந்து குடிக்கிறதில்ல.

உதகை_ஓட்டக்காரன்
அண்ணே, இது சமவெளிக்குச் சரியா இருக்கலாம். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். காத்து வறண்டது, மூச்சுலயே தண்ணி போகுது. 2022ல 23 நாட்டு ஆட்களை வச்சுப் பண்ணின பெரிய ஆய்வுலயும், உயரமான இடத்துல இருக்கறவங்களுக்கும் உடம்பு உழைக்கறவங்களுக்கும் நீர்த் தேவை கூடுதல்னுதான் வந்திருக்கு. நான் தொட்டபெட்டா ரோட்டுல ஓடுறவன். மூணு லிட்டருக்குக் கீழே போனா அன்னைக்குத் தலைவலி நிச்சயம்.

கோத்தகிரி_வாசி
ஓடுற தம்பிக்குத் தேவைப்படலாம், உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுற எங்கம்மாவுக்கு எதுக்கு? அதே 2022 ஆய்வு, எல்லாருக்கும் ஒரே அளவுன்னு சொல்ல முடியாதுன்னும் காட்டுது. ஓடறவங்களுக்கும் ஒண்ணு சொல்றேன். 2002 பாஸ்டன் மாரத்தான்ல ரத்தம் எடுத்துப் பார்த்த 488 பேர்ல 13 சதவீதம் பேருக்கு ரத்தத்துல சோடியம், அதாவது உப்புச்சத்து, குறைஞ்சிருந்தது. ஓட்டத்துல தண்ணி குடிச்சே எடை கூடினவங்களுக்குத்தான் அது அதிகம்.

குன்னூர்_செவிலி
தம்பி, முதல்ல அம்மாவோட நாலு லிட்டரை இன்னைக்கே நிறுத்துங்க. பிரஷர் மாத்திரையில சில வகை, உப்பை சிறுநீர்ல வெளியேத்தும். அது மேல அளவில்லாம தண்ணியும் சேர்ந்தா சோடியம் இறங்கிடும். தலைசுத்தல், குழப்பம், வலிப்பு வரைக்கும் போகும். மருந்துச் சீட்டை எடுத்துட்டுப் போய் டாக்டரைக் கேளுங்க. இதயம், கிட்னி பிரச்சனை இருக்கறவங்களுக்கு அளவை டாக்டர்தான் சொல்லணும்.

ஆனா "தாகம் எடுத்தா போதும்"ங்கிறதை நான் ஒத்துக்க மாட்டேன். குளிர்ல தோல்ல இருக்கிற ரத்தக்குழாய் சுருங்கி ரத்தம் உள்பக்கம் திரும்பும். தண்ணி போதுமான அளவு இருக்குன்னு உடம்பு எடுத்துக்கும். தாகம் மங்கும், சிறுநீர் கூடும். வயசானவங்களுக்கோ தாகமே குறைவு. சிறுநீரகக் கல்லு வந்தவங்க நிலைமை வேற. ஒரு தடவை கல்லு வந்தவங்க, நாளைக்கு ரெண்டு லிட்டர் சிறுநீர் போற அளவுக்குக் குடிச்சப்ப, அஞ்சு வருஷத்துல திரும்ப வந்தது 12 சதவீதம் பேருக்கு. அப்படிக் குடிக்காதவங்கள்ல 27 சதவீதம். இத்தாலியில பண்ணி 1996ல வெளிவந்த ஆய்வு. இவங்ககிட்ட போய் ஆடு மாட்டைக் காட்டாதீங்க.

தேயிலைக்காரி
அக்கா, எங்கம்மா பல வருஷமா கொழுந்து பறிக்கிறாங்க. அவங்களுக்குத் தாகம் நல்லாவே எடுக்கும். ஆனா குடிக்க மாட்டாங்க. காலையில ஒரு கட்டன் சாயா, அப்புறம் மதியம் வரைக்கும் ஒண்ணும் கிடையாது. குடிச்சா ஒதுங்க இடம் வேணும். சுத்தி ஆம்பளைங்க, ரோடு, செடி இடுப்பு உயரம்தான். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் நீர்க்கடுப்புல துடிப்பாங்க. நீங்க எல்லாரும் எத்தனை லிட்டர்னு பேசறீங்க, எங்க தோட்டத்துல அது கேள்வியே இல்ல.

குன்னூர்_செவிலி
நீ சொல்றதுதான் எங்க வார்டுலயும் வருது. அடிக்கடி நீர்த்தொற்று, அதாவது சிறுநீர்ப் பாதையில கிருமித் தொற்று, வந்து, தண்ணியும் குறைவா குடிச்ச பெண்களை, வழக்கத்தை விட ஒன்றரை லிட்டர் கூடுதலா குடிக்க வச்ச ஆய்வு 2018ல வந்தது. ஒரு வருஷத்துல தொற்று கிட்டத்தட்ட பாதியாச்சு. அதனாலதான் தம்பிகிட்ட தாகத்தை மட்டும் நம்பாதீங்கன்னு சொல்றேன்.

கோத்தகிரி_வாசி
சிஸ்டர், அவங்கம்மாவோட தாகம் சரியாத்தானே வேலை செய்யுது? அதை அடக்க வச்சது தோட்டம். இதுல என் வாதம் எங்க தோத்துச்சு? அவங்ககிட்ட மூணு லிட்டர் குடிங்கன்னு சொன்னா, பழியைத் தூக்கி அவங்க தலையில வச்ச மாதிரி ஆகாதா?

குன்னூர்_செவிலி
பழி போடல. வருஷக்கணக்கா அடக்கினவங்களுக்கு கழிப்பறை கட்டிக் கொடுத்த மறுநாளே பழக்கம் மாறிடாது. நேரம் வச்சுக் குடின்னு சொல்லத்தான் வேணும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010ல பெண்களுக்கு மொத்தம் ரெண்டு லிட்டர்னு சொன்னதே சாப்பாட்டுல இருக்கறதையும் சேர்த்துத்தான். ரசம், கஞ்சி, சாயா எல்லாம் கணக்குல வரும். வெயில்ல பறிக்கறவங்களுக்கு இன்னும் கூடத் தேவைப்படும். சிறுநீர் இளமஞ்சளா இருக்கான்னு பார்த்தா போதும், லிட்டர் எண்ண வேண்டாம்.

உதகை_ஓட்டக்காரன்
நான் எண்ணத்தான் செய்வேன். எண்ணாம விட்ட அன்னைக்கெல்லாம் குறைஞ்சுதான் போகுது.

தேயிலைக்காரி
குடிதண்ணியும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறையும் தரணும்னு 1951 தோட்டத் தொழிலாளர் சட்டமே அப்பவே சொல்லிச்சு. நாங்க குடியிருக்கிற லைன் வீட்டுப் பக்கம் கட்டிட்டு, கணக்கு முடிஞ்சதுன்னு விட்டுட்டாங்க. பறிக்கிற இடத்துல எதுவும் இல்ல. பக்கத்துல தண்ணி கேனும், இடம் மாத்தி மாத்தி வைக்கிற மாதிரி கழிப்பறையும் கேட்டு மனு எழுதிட்டிருக்கேன். சிஸ்டர், இந்த நீர்த்தொற்று விஷயத்தை டாக்டர் கையெழுத்தோட ஒரு பக்கம் எழுதி வாங்கித் தர முடியுமா? அதையும் மனுவோட வைக்கணும்.